மஞ்சள் கரிசலாங்கண்ணி நடும் முன் இலையைப் பாருங்கள்

புதுச்சேரியில் தோட்டம் அமைத்துத் தரச் சொல்லி வருபவர்கள் சிலர் இப்போது கொரியன் புல் வேண்டாம் என்கிறார்கள். இயற்கையான புல்வெளி போல, நடுநடுவே சின்ன மஞ்சள் பூக்களோடு வேண்டுமாம். நல்ல ஆசைதான். வெட்டிவேரும் கொழுக்கட்டைப் புல்லும் தூர்தூராக நிற்கும் தோட்டம் கோடையிலும் அதிகம் கெஞ்சாது. சிக்கல் அந்த மஞ்சள் பூவில்தான். அதற்கு நான் நடச் சொல்வது நம் ஊர்ச் செடியான மஞ்சள் கரிசலாங்கண்ணி.

கேட்டதும் பல நர்சரிகளில் எடுத்துக் கொடுப்பது வெடெலியா, அதாவது சிங்கப்பூர் டெய்சி. அதையே மஞ்சள் கரிசலாங்கண்ணி என்று சொல்லி விற்பவர்களும் உண்டு. மெக்சிகோ, மத்திய அமெரிக்கா, கரீபியன் தீவுகளைத் தாயகமாகக் கொண்ட அந்தச் செடி, உலகின் மிக மோசமான 100 அயல் ஊடுருவல் இனங்கள் என்ற பட்டியலில் இருக்கிறது. நம் மஞ்சள் கரிசலாங்கண்ணியும் அதே பேரினம்தான் என்பதால் குழப்பம் எளிதில் வருகிறது. தென் சீனாவில் இரண்டும் கலந்து ஒரு கலப்பினமே உருவாகியிருக்கிறது.

பூவை வைத்து முடிவு செய்யாதீர்கள். வெடெலியாவின் இலை தடித்துப் பளபளக்கும். பெரும்பாலும் இருபுறமும் ஒவ்வொரு மடல் பிதுங்கி, மூன்று நுனிகள் தெரியும். நம் செடியின் இலை ஒடுங்கி நீண்டிருக்கும். மடல் கிடையாது; ஓரத்தில் ஒன்றிரண்டு பற்கள் இருக்கலாம், இல்லாமலும் போகலாம். விரலால் தடவினால் சொரசொரக்கும். வள்ளலார் தினமும் உண்ணச் சொன்ன கீரை கரிசலாங்கண்ணி. வடலூர் இருக்கும் கடலூர் மாவட்டத்தில் அதற்குத் தனி மரியாதை. அந்த நம்பிக்கையில் வெடெலியாவைக் கிள்ளிச் சமைத்துவிடக் கூடாது என்பதற்காகவும் இதை அழுத்திச் சொல்கிறேன்.

மஞ்சள் கரிசலாங்கண்ணிக்கு ஈரம் வேண்டும். ஆரோவில் பக்கத்துச் சரளைச் செம்மண் மேட்டில் நட்டால் பங்குனி வெயிலிலேயே கருகும். தோட்டத்தில் மழைநீர் வந்து தங்கும் தாழ்வான ஓரம் எதுவோ, அதுதான் அதன் இடம். இரண்டு மூன்று கணு உள்ள தண்டுகளை, ஒரு கணுவாவது மண்ணுக்குள் இருக்கும்படி, வடகிழக்குப் பருவமழை தொடங்கும் ஐப்பசியில் படுக்கையாக ஊன்றுங்கள். கணுதோறும் வேர்விட்டுத் தானே படரும். உயரமான புல்லின் நிழல் முழுவதும் விழுந்தால் பூ குறையும். ஆகவே தூர்களுக்கு இடையே முழங்கை அளவாவது இடைவெளி விடுவேன். அருகம்புல்லை மட்டும் அருகே விடாதீர்கள். அது எல்லாவற்றையும் பின்னிப் பிடித்துக்கொள்ளும்.

பூத்தபின் ஒரு பூவைக் குனிந்து பாருங்கள். பூ என்று நாம் சொல்வது பல சிறு பூக்களின் கூட்டம். நடுவட்டத்துச் சிறு பூக்கள் வெளி வரிசையிலிருந்து உள்நோக்கி ஒவ்வொரு சுற்றாக மலர்கின்றன. அதனால் ஒரே பூவில் அடுத்தடுத்த நாட்களிலும் தேன் கிடைக்கிறது. சிறு தேனீக்கள் திரும்பத் திரும்ப வருவது இதனால்தான்.

மேட்டு நிலம்தான் இருக்கிறது என்றால் ஊதாப் பூ பூக்கும் பூவாங்குறுந்தலை விதைத்துவிடுங்கள். வெட்டுக்காயப் பூண்டும் அமெரிக்கக் கண்டத்திலிருந்து வந்ததுதான். ஆனாலும் அது தானாக முளைத்தால் நான் சண்டைக்குப் போவதில்லை. பார்த்தீனியம் வந்தால் மட்டும் பூக்கும் முன் பிடுங்கிவிட வேண்டும்.

ஏற்கெனவே வெடெலியா நட்டிருப்பவர்கள் மழை ஓய்ந்து மண் இளகியிருக்கும்போது வேரோடு எடுங்கள். ஒரு கணு மிஞ்சினாலும் துளிர்க்கும். பிடுங்கியதை வாய்க்கால் ஓரத்தில் கொட்டுவதால்தான் அது நீர்நிலைகளுக்குப் போகிறது. மொட்டை மாடியில் பரப்பி, தண்டு ஒடிந்து நொறுங்கும் வரை காயவைத்த பிறகே எருக்குழியில் போட வேண்டும். அடுத்த மழையில் மிச்சம் மீதி துளிர்ப்பதையும் எடுத்த பின்பு அதே இடத்தில் நம் செடியை ஊன்றலாம்.