ஒரே கம்பி, ஒரே சுரம், வேறு வேறு குரல்

"கதவைச் சாத்திக்கொண்டு தனியாகக் கிடார் வாசிக்கிறேன். ஸ்கேல் (சுர வரிசை) ஏறி இறங்குவதைத் தாண்டி எனக்கென்று எதுவும் வரமாட்டேன் என்கிறது. அதற்கெல்லாம் கைராசி வேண்டுமாமே?" என்று ஒரு வாசகர் கேட்டிருந்தார். கைராசி என்று ஒன்றும் கிடையாது. கம்பியில் கை எங்கே படுகிறது என்பதுதான் விஷயம்.

இழுத்துக் கட்டிய கம்பி தன் அடிப்படை அதிர்வெண்ணோடு அதன் மடங்குகளிலும் சேர்ந்தே அதிரும். பள்ளியில் சுரமானிப் பெட்டியோடு படித்ததுதான். கிடாரின் ஐந்தாவது கம்பியில் 110 ஹெர்ட்ஸோடு 220, 330, 440, 550 என்று எல்லாமே ஒலிக்கும். இதில் எது ஓங்குகிறதோ அதற்கேற்ப தொனி மாறும்.

கிடாரின் கழுத்தில் குறுக்கே பதித்திருக்கும் உலோகக் கோடுகள்தான் ஃப்ரெட். கம்பியின் சரிபாதி 12ஆம் ஃப்ரெட்டுக்கு நேர் மேலே இருக்கிறது. அங்கே மீட்டிப் பாருங்கள். 220, 440 போன்ற இரட்டை மடங்குகளுக்கு அந்த இடம் கணு, அதாவது அசையாத புள்ளி. அசையாத இடத்தை இழுத்துவிட்டு அந்த அதிர்வைக் கிளப்ப முடியாது. அதனால் 110, 330, 550 என ஒற்றை மடங்குகளே கிளம்பும். ஒலியில் கிளாரினெட்டின் சாயல் தெரியும். கிடாரின் உடலில் கம்பிகள் முடியும் பிரிட்ஜ் பக்கம் போய் மீட்டினால் உயர்ந்த மடங்குகள் தூக்கலாகி ஒலி கூர்மையாகும்.

சரி, இப்போது அதே 12ஆம் ஃப்ரெட்டில் இடது விரலை அழுத்தாமல், பட்டும் படாமலும் வைத்து, பிரிட்ஜ் பக்கம் மீட்டி, சட்டென்று விரலை எடுங்கள். ஒற்றை மடங்குகள் மிக அதிகமாக அசையும் இடமே அதுதான் என்பதால் விரல் பட்டதும் அவை அடங்கிவிடும். மிஞ்சிய 220 ஒரு ஸ்தாயி மேலே கணீரென்று கேட்கும். புள்ளி ஒன்றுதான்: மீட்டினால் இரட்டைகள் பிறப்பதில்லை, தொட்டால் ஒற்றைகள் தங்குவதில்லை! எத்தனை முறை செய்தாலும் எனக்கு இது அலுப்பதே இல்லை.

கதவைச் சாத்திக்கொண்டு வாசிப்பதும் நல்லதுதான். 2008இல் சார்லஸ் லிம்ப், ஆலன் பிரான் என்ற ஆய்வாளர்கள் இருவரும் ஆறு ஜாஸ் பியானோ கலைஞர்களை எம்.ஆர்.ஐ. கருவிக்குள் வாசிக்க வைத்தார்கள். தோன்றியதை வாசித்தபோது, தன்னைத்தானே கண்காணிப்பதோடு தொடர்புடைய முன்மூளைப் பகுதிகளில் செயல்பாடு குறைந்தது. ஆறே பேர்தான். ஆனாலும், குற்றம் பார்க்க ஆளில்லாத தனிமை அந்தக் கண்காணிப்பைத் தளர்த்த ஏற்ற நேரம் என்றே நினைக்கிறேன்.

ஆகவே ஸ்கேலைக் கொஞ்ச நேரம் விட்டுவிட்டு, ஒரே சுரத்தை பிரிட்ஜிலிருந்து பாதிக் கம்பி வரை நகர்ந்து நகர்ந்து மீட்டுங்கள். அப்புறம் 2ஆம் ஃப்ரெட்டை அழுத்தி வாசியுங்கள். கம்பி குறுகியதால் அதன் பாதி இப்போது 14ஆம் ஃப்ரெட்டுக்குப் போயிருக்கும், வலது கையும் அங்கே போக வேண்டும்.