வடக்கே தலை வைத்தால் வலிப்பு வருமா?

போன மாதம் ஓர் அம்மா தன் மகனை அழைத்து வந்தார். பையனுக்கு வலிப்பு நோய். இரண்டு வருடமாக ஒன்றும் இல்லாமல் இருந்தவனுக்கு அந்த வாரத்தில் மட்டும் இரண்டு தடவை வந்துவிட்டது. "மாத்திரையை நிறுத்திட்டோம் டாக்டர். கட்டிலைத் தெற்கே திருப்பிப் போட்டு, காந்தத் தலையணையும் வாங்கினோம்" என்றார்.

'மரணம் வடக்கு' என்று பாட்டிகள் சொல்வது பழைய கதை. இப்போது அதற்கு அறிவியல் சாயமும் பூசியாகிவிட்டது: ரத்தத்திலுள்ள இரும்பைப் பூமியின் காந்தம் மூளைக்கு இழுக்கிறதாம். ஹீமோகுளோபினில் இருப்பது ஆணி இரும்பு அல்ல, காந்தத்தில் போய் ஒட்டிக்கொள்ள. நம் பக்கத்தில் பூமியின் காந்தப்புலம் சுமார் 40 மைக்ரோடெஸ்லா. எம்.ஆர்.ஐ. கருவியில் 1.5 டெஸ்லா, அதாவது 37,000 மடங்குக்கும் மேல். அதற்குள் அரை மணி நேரம் தலையை வைத்திருந்துவிட்டு வெளியே வருபவர்கள் காபி கேட்கிறார்கள்.

சரி, மூளைக்கு அந்தப் புலம் தெரியவே தெரியாதா? இது நல்ல கேள்வி. 2019இல் அமெரிக்காவின் கால்டெக் ஆய்வு நிறுவனத்தைச் சேர்ந்த கிர்ஷ்விங்க் என்ற விஞ்ஞானியின் குழு முப்பதுக்கும் மேற்பட்டவர்களை இருட்டான, வெளி மின்காந்த அலைகள் புகாத அறையில் உட்காரவைத்தது. பூமியினுடையதைப் போன்ற ஒரு புலத்தைச் சுழற்றி, மூளையின் மின் அலைகளைப் பதியும் இ.இ.ஜி. சோதனை எடுத்தார்கள். சிலருக்கு, மூளை ஓய்வாக இருக்கும்போது எழும் ஆல்ஃபா அலை 60 சதவீதம் வரைகூடக் குறைந்தது. ஆனால் யாரும் எதையும் உணரவில்லை. புலம் கீழ்நோக்கிச் சாய்ந்து, கடிகாரத்துக்கு எதிர்த்திசையில் சுழன்றபோதுதான் இந்த மாற்றம் வந்தது என்பதுதான் என்னை யோசிக்க வைக்கிறது.

குறைந்தது என்றதும் பயப்பட வேண்டாம். இ.இ.ஜி. எடுக்கும்போது "கண்ணை மூடுங்க" என்போம். பின்தலையில் வினாடிக்குப் பத்து தடவை போல ஆல்ஃபா அழகாக எழும்பும். "திறங்க" என்றால் அடங்கிவிடும். மூளை ஏதோ ஒன்றைக் கவனிக்கிறது, அவ்வளவுதான். அதை நோய் என்றோ வலிப்பு என்றோ யாரும் சொல்லவில்லை.

பையனுக்கு வலிப்பு திரும்பியது மாத்திரையை நிறுத்தியதால். அதையே மறுபடி எழுதிக் கொடுத்தேன். கட்டில் எந்தப் பக்கம் வேண்டுமானாலும் இருக்கட்டும் என்றேன்.

"அப்போ அந்தத் தலையணையை என் மாமனாருக்குக் கொடுத்திடவா? அவருக்குக் கழுத்து வலி."

"அவருக்கு ஆபரேஷன் ஏதாவது ஆகியிருக்கா?"

"நெஞ்சுல பேஸ்மேக்கர் வெச்சிருக்காங்க டாக்டர்."

பேஸ்மேக்கருக்குப் பக்கத்தில் வலுவான காந்தம் வந்தால், அது இதயத்தின் துடிப்பைக் கவனிப்பதை விட்டுவிட்டுத் தன்போக்கில் மின்தூண்டல் கொடுக்கத் தொடங்கலாம். மூளையில் தேங்கும் நீரை வடிக்கத் தலையில் ஷன்ட் என்ற குழாய் வைத்தவர்களுக்கு, அதிலுள்ள சில வகை வால்வுகளில் வைத்த அளவே மாறிவிடலாம். தலையணையை வீட்டில் வைக்கவே வேண்டாம் என்று சொல்லி அனுப்பினேன்.