சாதாரண சேமிப்புக் கணக்கை அடிப்படைக் கணக்காக மாற்றிக்கொள்ளலாமா?

2023 செப்டம்பரில் தமிழ்நாட்டில் கலைஞர் மகளிர் உரிமைத் தொகையின் முதல் தவணையான 1,000 ரூபாய் வங்கிக் கணக்குகளில் வரவு வைக்கப்பட்டபோது, சிலருக்கு அந்தப் பணம் முழுதாகக் கைக்கு வந்து சேரவில்லை. கணக்கில் குறைந்தபட்ச இருப்பு இல்லாததற்கான கட்டணம் அந்தத் தொகையிலிருந்தே பிடிக்கப்பட்டதாகப் புகார்கள் எழுந்தன. அவ்வாறு பிடிக்கக் கூடாது என்று மாநில அரசு வங்கிகளிடம் வலியுறுத்த வேண்டியிருந்தது. இப்படிப்பட்ட கட்டணத்தை விதிக்கவே முடியாத ஒரு கணக்கு வகை அப்போதும் வங்கிகளில் இருந்தது. கேட்டிருந்தால் கிடைத்திருக்கும், ஆனால் இருக்கிறது என்று தெரிந்தால்தானே கேட்க முடியும்.

அதன் பெயர் அடிப்படைச் சேமிப்பு வங்கி வைப்புக் கணக்கு. மக்கள் பேச்சில் ஜீரோ பேலன்ஸ் கணக்கு. 2005இல் ரிசர்வ் வங்கி அறிமுகப்படுத்திய எளிய கணக்கு முறைக்குப் பதிலாக, 2012 ஆகஸ்டில் இந்த வகை கொண்டுவரப்பட்டது. இதில் இருப்பு ஒரு ரூபாயாகக் குறைந்தாலும், ஏன், ஒன்றுமே இல்லாமல் போனாலும் அபராதம் கிடையாது. இது ஏழைகளுக்கு மட்டுமான கணக்கு என்ற எண்ணம் பரவலாக இருக்கிறது. வங்கி ஊழியர்களில் சிலரும் அப்படியே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அது சரியன்று. வருமான வரம்போ வயது வரம்போ காட்டி எந்த வங்கியும் இக்கணக்கை மறுக்கக் கூடாது என்பதே ரிசர்வ் வங்கியின் விதி.

இன்னொரு குழப்பமும் உண்டு. உரிய அடையாள ஆவணம் இல்லாதவர்களுக்குத் தளர்த்தப்பட்ட நிபந்தனைகளின் கீழ் திறக்கப்படும் ‘சிறு கணக்கு’ என்பது வேறு. அதில் இருப்பு எந்நேரமும் 50,000 ரூபாயைத் தாண்டக் கூடாது. ஒரு நிதியாண்டில் மொத்த வரவு ஒரு லட்சத்தையும், ஒரு மாதத்தில் எடுக்கும் தொகை 10,000 ரூபாயையும் மிஞ்சக் கூடாது. இந்த வரம்புகள் எல்லா ஜீரோ பேலன்ஸ் கணக்குகளுக்கும் உரியவை என்று நினைத்து மாறத் தயங்குகிறவர்கள் இருக்கிறார்கள். ஆதார் போன்ற ஆவணங்களைக் கொடுத்து முழுமையாக கேஒய்சி (வாடிக்கையாளரின் அடையாளச் சரிபார்ப்பு) முடித்தவரின் அடிப்படைக் கணக்குக்கு இவை பொருந்தா.

கட்டணமின்றிக் கிடைப்பவற்றைப் பார்த்தால், பணம் போடுவதற்கு எண்ணிக்கையிலும் தொகையிலும் வரம்பில்லை. ஏடிஎம் அட்டை உண்டு. மாதத்துக்குக் குறைந்தது நான்கு முறை பணம் எடுக்கலாம். இந்த ‘நான்கு முறை’தான் நீண்ட காலம் தொல்லையாக இருந்தது, ஏனென்றால் யுபிஐ வழியாகக் கடையில் செலுத்தும் பத்து ரூபாயையும் சில வங்கிகள் ஒரு தடவையாகக் கணக்கிட்டு, நான்கைத் தாண்டியதும் கட்டணம் பிடித்தன. 2025 டிசம்பரில் ரிசர்வ் வங்கி விதிகளைத் திருத்தி, 2026 ஏப்ரல் 1ஐ நடைமுறைக்கு வரும் நாளாக அறிவித்தது. அதன்படி யுபிஐ, நெஃப்ட், ஐஎம்பிஎஸ் போன்ற மின்னணுப் பரிமாற்றங்கள் அந்த நான்கில் சேரா. ஆண்டுக்குக் குறைந்தது 25 தாள்கள் கொண்ட காசோலைப் புத்தகமும், இணையவழி மற்றும் கைப்பேசி வங்கிச் சேவையும், பாஸ்புக்கும் இலவசமாகத் தரப்பட வேண்டும். என் கணிப்பில், மாறலாமா வேண்டாமா என்ற கேள்வியின் எடையையே இந்தத் திருத்தம் மாற்றிவிட்டது.

இனி, யாருக்கு மாறுவது பயன்? முதலில் உங்கள் கணக்குக்கு அபராதம் விழுகிறதா என்று பாருங்கள். பாரத ஸ்டேட் வங்கி 2020 மார்ச்சிலேயே சேமிப்புக் கணக்குகளுக்குக் குறைந்தபட்ச இருப்பு நிபந்தனையை நீக்கிவிட்டது. 2025இல் வேறு பல பொதுத்துறை வங்கிகளும் அதைப் பின்பற்றின. அத்தகைய வங்கியில் கணக்கு இருந்தால் அவசரப்பட வேண்டியதில்லை. நிபந்தனை உள்ள வங்கிகளிலும், பெரும்பாலும் பார்க்கப்படுவது ஒவ்வொரு நாளின் இருப்பு அன்று, மாதச் சராசரி. 2,000 ரூபாய் சராசரி கேட்கும் கணக்கில் 30 நாள் கொண்ட மாதத்தில் இரண்டே நாட்கள் 30,000 ரூபாய் இருந்து, மற்ற நாட்களில் ஒன்றுமே இல்லாவிட்டாலும் சராசரி 2,000 வந்துவிடும். ஆகவே மாதச் சம்பளக்காரர்களில் பலருக்கு அபராதமே வராது. வேலையை விட்டதால் சம்பளக் கணக்கு சாதாரணக் கணக்காக மாற்றப்பட்டவர்கள், உதவித்தொகையோ ஓய்வூதியமோ மட்டும் வந்து அன்றே எடுக்கப்படும் கணக்கை வைத்திருப்பவர்கள், நாள்கூலியில் வாழ்பவர்கள் ஆகியோரே மாறுவதால் உண்மையில் பயன்பெறுகிறவர்கள். மாறாக, மாதத்துக்கு நான்கு முறைக்கு மேல் ரொக்கம் எடுப்பவர்கள், கூடுதல் தடவைக்கு வங்கி என்ன வசூலிக்கிறது என்று கேட்டறிந்த பின்னரே முடிவெடுக்க வேண்டும்.

ஜன் தன் கணக்கும் அடிப்படைக் கணக்கின் ஒரு வடிவமே. 2014 ஆகஸ்ட் 28 அன்று தொடங்கப்பட்ட அத்திட்டத்தில் ரூபே அட்டையுடன் விபத்துக் காப்பீடும், தகுதியுள்ளோருக்கு 10,000 ரூபாய் வரை மிகைப்பற்றும் (கணக்கில் இருப்பதற்கு மேல் எடுத்துக்கொள்ளும் வசதி) கூடுதலாக உண்டு. 2018 ஆகஸ்ட் 28க்குப் பின் திறந்த கணக்குகளுக்குக் காப்பீடு 2 லட்சம் ரூபாய். ஆனால் விபத்துக்கு முந்தைய 90 நாட்களுக்குள் அட்டையை ஒரு முறையாவது பயன்படுத்தியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை பலருக்குத் தெரிவதில்லை.

மாறுவதற்குப் புதுக் கணக்கு திறக்க வேண்டியதில்லை. இருக்கும் கணக்கையே மாற்றித் தருமாறு எழுத்துமூலம் கேட்டால், புதிய விதிகளின்படி ஏழு நாட்களுக்குள் மாற்றித் தர வேண்டும். வேறெந்த வங்கியிலும் அடிப்படைக் கணக்கு இல்லை என்று உறுதிமொழி தர வேண்டும், ஏனென்றால் ஒருவருக்கு இவ்வகைக் கணக்கு ஒன்றுதான். அதே வங்கியில் இன்னொரு சேமிப்புக் கணக்கும் இருந்தால், அதை 30 நாட்களுக்குள் மூடிவிட வேண்டும்; வைப்பு நிதியும் தொடர் வைப்பும் இருக்கலாம். இங்கேதான் கவனம் தேவை. மாற்றிய பின் கணக்கு எண் அதேதானா என்று முன்கூட்டியே கேளுங்கள். எண் மாறினால் எரிவாயு மானியம், உரிமைத் தொகை, கடன் தவணை, காப்பீட்டுப் பிரீமியம் ஆகியவற்றுக்கான இணைப்புகளைப் புதிய எண்ணுக்கு மாற்றி, அவை சரியாக வருவதைப் பார்த்துவிட்டு, அந்த 30 நாள் கெடுவுக்குள் பழையதை மூடுவது நல்லது. பழைய அபராத நிலுவை ஏதும் இருக்கிறதா என்பதையும் அப்போதே கேட்டுத் தீர்த்துக்கொள்ளுங்கள்.

கிளை மறுத்தால், விண்ணப்பத்தின் நகலில் பெற்றுக்கொண்டதற்கான முத்திரை வாங்கிக்கொண்டு வங்கிக்கே புகார் அளியுங்கள். 30 நாட்களுக்குள் பதில் வராவிட்டாலோ, வந்த பதில் ஏற்கத்தக்கதாக இல்லாவிட்டாலோ, ரிசர்வ் வங்கியின் குறைதீர்ப்பாளரிடம் கட்டணமின்றி முறையிடலாம். 14448 என்ற எண்ணில் அதற்கான வழிமுறையைக் கேட்டறியலாம்.