மினோட்டாரோவின் உடைந்த கையும் என்னிடம் வரும் பையன்களும்

2011 டிசம்பர் 10, கனடாவின் டொரொண்டோ. குத்து, உதை, மல்யுத்தம் எல்லாம் கலந்த எம்.எம்.ஏ சண்டைகளை நடத்தும் யு.எஃப்.சி அமைப்பின் ‘யு.எஃப்.சி 140’ போட்டியில், ‘மினோட்டாரோ’ என்ற பட்டப்பெயர் கொண்ட பிரேசிலின் அன்டோனியோ ரொட்ரிகோ நோகெய்ராவும் அமெரிக்காவின் ஃபிராங்க் மிர்ரும் மோதினார்கள். முதல் ரவுண்டிலேயே நோகெய்ராவின் குத்துகளில் மிர் நிலைகுலைந்துவிட்டார். இன்னும் நாலு குத்து விட்டிருந்தால் நடுவரே நிறுத்தியிருப்பார் என்று ரசிகர்கள் இன்றும் புலம்புவார்கள். நோகெய்ரா குத்தாமல் கழுத்துப் பிடிக்குப் போனார். அதிலிருந்து நழுவிய மிர், அவருடைய கையை ‘கிமுரா’ பூட்டில் மாட்டி, அவரோடு சேர்ந்து உருண்டு, கையை முதுகுப் பக்கமாக முறுக்கினார். தோல்வியை ஒப்புக்கொண்டு கையால் தட்டினால் எதிராளி விட்டுவிட வேண்டும். நோகெய்ரா தட்டவில்லை. மேற்கை எலும்பு முறிந்தது. ரவுண்டு தொடங்கி 3 நிமிடம் 38 வினாடியில் ஆட்டம் முடிந்தது. பிறகு அறுவை சிகிச்சையில் ஒரு பிளேட்டும் 16 ஸ்க்ரூவும் வைத்தார்கள்.

பூட்டுப் போட்டு எதிராளியைச் சரணடையச் செய்வதுதான் நோகெய்ராவின் தொழில். அதுவரை தொழில்முறைப் போட்டியில் யாரும் அவரை அப்படித் தோற்கடித்ததில்லை. எந்தப் பூட்டு எங்கே முடியும் என்று அவருக்குத் தெரிந்த அளவுக்கு உலகத்தில் பத்துப் பேருக்குத் தெரிந்திருந்தால் அதிகம். அவருக்கே கை உடைந்தது.

நான் பிசியோதெரபிஸ்ட். தோள், முழங்கை, முழங்கால் என்று மூட்டு அடிபட்டவர்கள்தான் என்னிடம் அதிகம் வருவார்கள். சில வருடங்களாக அந்தக் கூட்டத்தில் ஜியு-ஜிட்ஸு (தரையில் உருண்டு பூட்டுப் போடும் சண்டைக்கலை), எம்.எம்.ஏ பழகும் பையன்களும் பெண்களும் சேர்ந்திருக்கிறார்கள். அவர்களில் பலருக்கு அந்த வீடியோ மனப்பாடம். “பார்த்தீங்களா சார், கை உடையற வரைக்கும் தட்டலை, அதான் கெத்து” என்பார்கள். உடைந்த கையை எட்டு மாதம் நீட்டி மடக்கிப் பழக்குகிற வேலை என்னுடையது என்பதால் எனக்கு அதில் கெத்து எதுவும் தெரிவதில்லை. ஆனால் நோகெய்ராவின் மொத்த வாழ்க்கையும் தெரிந்தால் அவர் ஏன் தட்டவில்லை என்பது கொஞ்சம் புரியும்.

1976-இல் பாஹியா மாநிலத்தின் விட்டோரியா ட கொன்கிஸ்டா ஊரில் பிறந்தவர். இரட்டைப் பிள்ளைகளில் ஒருவர். இன்னொருவரான ரொஜெரியோவும் சண்டை வீரர்தான். சின்னப் பையனாக இருந்தபோது லாரி ஏறி, நாலு நாள் கோமாவில் கிடந்தார். ஒரு விலா எலும்பும் கல்லீரலில் ஒரு பகுதியும் போனது. மருத்துவமனையில் பதினோரு மாதம். அந்த விபத்தின் குழிவான தழும்பை அவர் சட்டையில்லாமல் நிற்கும் எந்தப் படத்திலும் முதுகில் பார்க்கலாம். அப்படிப்பட்ட உடம்போடு ஜப்பானின் பிரைட் அமைப்பில் 2001-இல் ஹெவிவெயிட் சாம்பியன் ஆனார்.

2002 ஆகஸ்ட் 28 அன்று டோக்கியோ தேசிய மைதானத்தில் பாப் சாப்புடன் நடந்த சண்டையைப் பாருங்கள். சாப் கிட்டத்தட்ட 160 கிலோ, நோகெய்ரா 105 கிலோ அளவு. தொடக்கத்திலேயே சாப் அவரைத் தூக்கித் தலைகீழாகத் தரையில் குத்தினார். எனக்கு அதைப் பார்க்கும்போதெல்லாம் கழுத்தெலும்புதான் ஞாபகம் வரும். பத்து நிமிட முதல் ரவுண்டு முழுக்க அடி வாங்கிவிட்டு, இரண்டாவது ரவுண்டில் முழங்கையைப் பின்பக்கமாக நீட்டி உடைக்கப் பார்க்கும் ‘ஆர்ம்பார்’ பிடியில் ஜெயித்தார். 2003 நவம்பரில் மிர்கோ க்ரோ காப்புடன் அதே கதை. முதல் ரவுண்டு முடியும் நேரத்தில் தலையில் உதை வாங்கி விழுந்தார், மணி காப்பாற்றியது. அடுத்த ரவுண்டில் கீழே தள்ளி மறுபடி ஆர்ம்பார். 2008 பிப்ரவரியில் டிம் சில்வியாவிடமும் அப்படியே: அடி வாங்கினார், பொறுத்தார், மூன்றாவது ரவுண்டில் கழுத்தைப் பிடித்து யு.எஃப்.சி-யின் இடைக்கால ஹெவிவெயிட் பட்டம் வாங்கினார்.

பொறுத்துக்கொண்டால் கடைசியில் ஜெயிக்கலாம் என்று வாழ்க்கை அவருக்கு இத்தனை முறை சொல்லியிருக்கிறது. குத்து வாங்குவதில் அந்தப் பொறுமை ஒரு அளவுக்குச் செல்லுபடியாகும் (மூளை அதற்குத் தனியாகக் கணக்கு வைத்துக்கொள்ளும், அது வேறு கட்டுரை). மூட்டுப் பூட்டில் செல்லுபடியாகாது. எலும்புக்குத் தாங்கும் அளவு என்று ஒன்று இருக்கிறது. அதைத் தாண்டினால் முறியும், யாருடைய எலும்பாக இருந்தாலும்.

கிமுராவில் என்ன நடக்கிறது என்று சொல்கிறேன். முழங்கை மடங்கியிருக்கும். எதிராளி உங்கள் மணிக்கட்டைப் பிடித்து, முன்கையையே நெம்புகோலாக்கித் தோளை உள்பக்கமாகத் திருப்புவார். தோள் ஒரு எல்லை வரை திரும்பும். அந்த எல்லையில் இரண்டு வழி உண்டு. தோளைச் சுற்றியுள்ள தசைநாரும் ஜவ்வும் கிழியும். அல்லது தோள் பிடிவாதமாக நின்றுவிட்டால் முறுக்கு முழுவதும் மேற்கை எலும்பில் இறங்கும். எலும்பு மேலிருந்து அழுத்தும் பாரத்தை நன்றாகத் தாங்கும், முறுக்கைத் தாங்காது. ஒரு சாக்பீஸை இரண்டு கையால் பிடித்து முறுக்கிப் பாருங்கள், குறுக்கே உடையாமல் சுருளாகச் சரிந்து முறியும். இந்த மாதிரி கேஸ்களில் எக்ஸ்ரேயில் நாங்கள் பார்ப்பதும் பெரும்பாலும் அந்தச் சுருள் கோடுதான், எலும்பின் நடுவிலோ முழங்கைக்கு மேலேயோ.

இதற்கு ஜியு-ஜிட்ஸு கற்றிருக்க வேண்டும் என்று கூட இல்லை. அதே சுருள் முறிவோடு ஹாஸ்டல் பையன்கள் வருவார்கள், ஆர்ம் ரெஸ்லிங் ஆடி. முழங்கை மேசையில் ஊன்றியிருக்கும், தோற்கப் போகிறவன் உடம்பை மட்டும் வெளிப்பக்கம் திருப்பித் தாக்குப்பிடிப்பான், சுற்றி நிற்பவர்கள் கத்துவார்கள், ‘டப்’ என்று ஒரு சத்தம். அந்த அறையில் இருந்த அத்தனை பேருக்கும் கேட்டிருக்கும். ஆடுவதென்றால் தோளும் மார்பும் எப்போதும் உங்கள் கையைப் பார்த்தே இருக்கட்டும். முகம் கையை விட்டுத் திரும்பிவிட்டது என்றால் தோற்றுவிடுங்கள்.

முறிவைவிட எனக்குக் கவலை தருவது நரம்பு. மேற்கை எலும்பின் பின்பக்கத்தை ஒட்டி ரேடியல் நரம்பு சுற்றிக்கொண்டு போகிறது. எலும்பு சுருளாக உடையும்போது அது நசுங்கலாம், இழுபடலாம். மேற்கை எலும்பின் தண்டு முறிந்தவர்களில் பத்தில் ஒருவருக்காவது இது நடக்கிறது. நான் செய்யும் முதல் சோதனை ரொம்பச் சாதாரணமானது. “தம்பி, பஸ்ஸை நிறுத்தச் சொல்ற மாதிரி கையைக் காட்டு” என்பேன். கட்டுக்கு வெளியே தெரியும் உள்ளங்கை நிமிர வேண்டும். நரம்பு அடிபட்டவனுக்கு நிமிராது. மணிக்கட்டு கீழே தொங்கும், விரல்கள் மடங்கியே இருக்கும். அவன் மறுபடி முயற்சி செய்வான், தோளைத் தூக்குவான், கை மட்டும் அப்படியே இருக்கும். அப்போது கூட வந்த அப்பாவின் முகத்தைப் பார்க்காமல் இருக்கப் பழகிக்கொண்டேன். பயப்பட வேண்டாம் என்றும் உடனே சொல்லிவிடுவேன். பெரும்பாலானவர்களுக்கு இந்த நரம்பு சில மாதங்களில் தானாகவே திரும்பிவிடும். அதுவரை மணிக்கட்டை நிமிர்த்தி வைக்கும் ஸ்பிளின்ட், தினமும் மூட்டு இறுகாமல் இருக்கப் பயிற்சி. குறிப்பிட்ட காலத்துக்குள் அசைவு வரவில்லை என்றால் அறுவை சிகிச்சை நிபுணர் பார்த்து முடிவெடுப்பார்.

அந்தக் கிமுரா பூட்டின் பெயரிலேயே ஒரு தட்டாத கை இருக்கிறது. 1951 அக்டோபர் 23, ரியோவின் மரக்கானா அரங்கில் ஜப்பானிய ஜூடோ வீரர் மசஹிக்கோ கிமுராவுக்கும் பிரேசிலின் ஜியு-ஜிட்ஸு வீரர் எலியோ கிரேசிக்கும் போட்டி. கிமுரா இந்தக் கைப்பூட்டைப் போட்டபோது எலியோ தட்ட மறுத்தார். கடைசியில் அவர் தரப்பிலிருந்து துண்டை வீசித்தான் நிறுத்தினார்கள். ஜெயித்தவர் பெயரையே பிரேசில்காரர்கள் பூட்டுக்கு வைத்துவிட்டார்கள். அழகான மரியாதைதான். கூடவே, தட்டாமல் இருப்பது ஒரு பெருமை என்கிற எண்ணமும் அந்த மண்ணில் ஊறிவிட்டதோ என்று எனக்கு ஒரு சந்தேகம். பிரேசிலின் ரொனால்டோ ‘ஜக்கரே’ சோசா 2004 உலக ஜியு-ஜிட்ஸு இறுதிப் போட்டியில் ரோஜர் கிரேசியின் ஆர்ம்பாரில் கை அடிபட்டும் தட்டாமல், அந்தக் கையை பெல்ட்டுக்குள் செருகிக்கொண்டு புள்ளிக் கணக்கில் ஜெயித்தார். புராணம் போல இதைச் சொல்வார்கள். 2021 மே மாதம் ஹூஸ்டனில் ஆண்ட்ரே முனிஸ் அதே ஆர்ம்பாரில் ஜக்கரேவின் கையை உடைத்தார். யு.எஃப்.சி-யில் அவருடைய கடைசிச் சண்டை அதுதான். இந்த இரண்டாவது கதையை யாரும் ரீல்ஸ் போடுவதில்லை.

சரி, தட்டுவது ஒருவன் பொறுப்பு என்றால், விடுவது இன்னொருவன் பொறுப்பு. இங்கே ரூசிமார் பல்ஹாரெஸ் என்ற பிரேசில்காரரைச் சொல்லியாக வேண்டும். காலைப் பூட்டுவதில் மன்னன். குதிகாலைக் கைமடிப்பில் மாட்டி முழங்காலைத் திருகும் ‘ஹீல் ஹூக்’ அவருடைய ஆயுதம். 2010-இல் நடுவர் நிறுத்திய பிறகும் பிடியை விடாததற்காகத் தடை பெற்றார். 2013 அக்டோபரில் மைக் பியர்ஸை 31 வினாடியில் தட்ட வைத்தார், அதற்குப் பிறகும் திருகிக்கொண்டே இருந்தார். யு.எஃப்.சி அவரை வெளியேற்றியது. பிறகு வேறொரு அமைப்பில் சாம்பியன் ஆகி, 2015-இல் ஜேக் ஷீல்ட்ஸுடனான சண்டைக்குப் பின் பட்டத்தையும் இழந்து, அமெரிக்காவின் நெவாடா மாநில விளையாட்டு ஆணையத்திடம் இரண்டு வருடத் தடையும் வாங்கினார். அத்தனை திறமையும் வீண்.

ஹீல் ஹூக்கைப் பற்றி என்னிடம் வருகிறவர்களுக்கு நான் திரும்பத் திரும்பச் சொல்வது: இதில் வலியை நம்பாதீர்கள். முழங்கையை நீட்டும் பூட்டில் முதலில் வலிக்கும், பிறகுதான் கிழியும். யோசிக்கக் கொஞ்சம் நேரம் இருக்கும். முழங்காலைத் திருகும்போது அந்த இடைவெளி மிகக் குறைவு. ‘இன்னும் வலிக்கலையே’ என்று நினைக்கும்போதே ஜவ்வு போயிருக்கும். முன்பக்க சிலுவை ஜவ்வு கிழிந்து அதை மாற்றிவைத்தால், பழையபடி பயிற்சி விரிப்பில் (மேட்) உருண்டு சண்டை பழக ஒன்பது மாதமாவது ஆகும். குதிகால் மாட்டிக்கொண்டது, தப்பிக்கும் வழி தெரியவில்லை என்றால் அப்போதே தட்டுங்கள். கை மாட்டிக்கொண்டிருந்தால் வாயால் ‘டேப்’ என்று கத்தினாலும் போதும், காலால் தரையை அடித்தாலும் போதும். எல்லா விதிமுறையிலும் அது செல்லும்.

பெற்றோர்கள் ஜிம்மில் சேர்க்கும் முன் ஒரு வகுப்பை உட்கார்ந்து பாருங்கள் என்பேன். ஒருவர் தட்டியதும் மற்றவர் அந்த நொடியே விடுகிறாரா? தட்டியவனைப் பயிற்சியாளர் கிண்டல் செய்கிறாரா? புதிதாக வந்தவர்களுக்கு ஹீல் ஹூக் சொல்லித்தருகிறாரா? சர்வதேச ஜியு-ஜிட்ஸுக் கூட்டமைப்பான ஐ.பி.ஜே.ஜே.எஃப் கூட 2021 வாக்கில்தான், அதுவும் பிரவுன், பிளாக் பெல்ட் பெரியவர்களுக்கு மட்டும், அங்கியில்லாப் பிரிவில் மட்டும் அதை அனுமதித்தது. பயிற்சி விரிப்பைத் தினமும் கிருமிநாசினி போட்டுத் துடைக்கிறார்களா என்றும் பாருங்கள். தோலில் சீழ்க்கட்டி, படர்தாமரை எல்லாம் இந்த விளையாட்டில் எளிதில் பரவும்.

அடிபட்டுவிட்டால் இழுத்து நேராக்க வேண்டாம், எண்ணெய் போட்டு நீவ வேண்டாம், மூங்கில் பத்தை வைத்து இறுக்கிக் கட்டவும் வேண்டாம். இறுக்கிய கட்டுக்குள் வீக்கம் ஏறி ரத்த ஓட்டம் நின்றால் விரல்கள் நிரந்தரமாகச் சுருங்கிப்போகலாம். கையை உடம்போடு சேர்த்துத் துண்டால் தொட்டில் கட்டி, மோதிரம், வளையம் இருந்தால் கழற்றி, நேராக எலும்பு மருத்துவரிடம் போங்கள்.

நோகெய்ராவுக்கு வருவோம். பிளேட் வைத்த பத்து மாதத்தில், 2012 அக்டோபர் 13 அன்று ரியோவில் டேவ் ஹெர்மனைச் சந்தித்தார். “ஜியு-ஜிட்ஸு எடுபடாது” என்று பேசித் திரிந்தவர் ஹெர்மன். இரண்டாவது ரவுண்டில் ஆர்ம்பார் போட்டு அவரைத் தட்ட வைத்தார். பார்க்க ஆனந்தமாக இருக்கும், நானும் ரசித்தேன். ஆனால் எனக்கு முக்கியமான சண்டை அடுத்தது. 2013 ஜூன் 8, ஃபோர்தலேசா, சொந்த நாட்டு ரசிகர்கள் முன்னால். 2006-இல் ஜப்பானில் தான் ஜெயித்த ஃபப்ரிசியோ வெர்டூமிடம் இந்த முறை ஆர்ம்பாரில் மாட்டினார். வாயால் சொல்லித் தோல்வியை ஏற்றார். அவருக்கு அப்போது 37 வயது. அதற்குப் பிறகும் இரண்டு சண்டை போட்டு, 2015-இல் ஓய்வு பெற்றார். அடுத்த வருடம் யு.எஃப்.சி-யின் புகழ் மண்டபத்தில் அவர் பெயரைச் சேர்த்தார்கள்.

கட்டுப் பிரித்த பையன்கள் எல்லோரும் என்னிடம் கேட்கும் கேள்வி, எப்போது திரும்ப ஜிம்முக்குப் போகலாம் என்பது. நோகெய்ரா பத்து மாதத்தில் வந்தாரே என்பார்கள். அவருக்கு முழுநேரமும் அதே வேலை, கூடவே ஒரு குழு. உங்களுக்கு எக்ஸ்ரேயில் எலும்பு கூடியிருக்க வேண்டும், மணிக்கட்டு முழுதாக நிமிர வேண்டும், தோளை வெளிப்பக்கம் திருப்பும் பலம் அடிபடாத கைக்குச் சமமாக வர வேண்டும். அது வரைக்கும் ஜிம்முக்குப் போனால் ஓரமாக உட்கார்ந்து பார்க்கலாம். பிறகு தனியாகச் செய்யும் பயிற்சிகள், பிறகு நம்பிக்கையான ஒரே ஒரு ஜோடியோடு மெதுவாக. முழு வேகத்தில் உருளுவது கடைசியில்தான், அதுவும் உங்கள் மருத்துவர் சரி என்ற பிறகு.