நாற்பது டிகிரியில் ஒரு பெரிய மடிக்கணினி

கோயம்புத்தூர்க் கடையின் ஏசி அறையில் சோதித்துப் பார்த்த விலையுயர்ந்த மடிக்கணினி, வேலந்தாவளம் சோதனைச்சாவடியைத் தாண்டிக் கொழிஞ்சாம்பாறையின் ஒரு கல்யாண வீடியோ ஸ்டுடியோவுக்கு வந்து சேர்ந்ததும் அதே வேகத்தில் ஓடும் என்று எதிர்பார்ப்பது, குறைந்தபட்சம் மார்ச், ஏப்ரல் மாதங்களில், இயற்பியலுக்கு ஒத்துவராத எதிர்பார்ப்பு. பாலக்காட்டின் கிழக்குப் பகுதியில் அந்த மாதங்களில் வெயில் நாற்பது டிகிரியைத் தொடுவது புதிதல்ல. கணினியின் விளம்பரத் தாளில் அறையின் வெப்பம் இடம்பெறுவதில்லை; ஆனால் கணினியின் உழைப்பைத் தீர்மானிப்பதில் அதற்குப் பெரும் பங்கு உண்டு.

கணினியின் கணக்குகளைச் செய்யும் சிப் உள்வாங்கும் மின்சாரம் அநேகமாக முழுவதும் வெப்பமாகவே வெளியேறுகிறது. அந்த வெப்பத்தைக் கடத்திச் செல்வது, சிப்பின் மேல் பதிந்திருக்கும் தட்டையான செப்புக் குழாய். காற்று நீக்கப்பட்ட அதன் உள்ளே சிறிதளவு நீர் இருக்கும். அழுத்தம் குறைவு என்பதால் அந்த நீர் நூறு டிகிரிக்கு வெகு முன்பே ஆவியாகி, குழாயின் மறுமுனைக்குச் சென்று, அங்கே ஃபேன் காற்றில் குளிர்ந்து மீண்டும் நீராகி, உட்சுவரின் நுண்துளைகள் வழியே சிப்பிடம் திரும்புகிறது. நகரும் உறுப்பு ஒன்றுகூட இல்லாத இந்தச் சுழற்சி அழகானதுதான். ஆயினும் குழாயின் மறுமுனையில் வெப்பத்தை வாங்கிக்கொள்ள வேண்டியது அறையின் காற்று.

வெளியேறும் வெப்பத்தின் அளவு, சிப்புக்கும் அறைக்கும் உள்ள வெப்பநிலை வேறுபாட்டுக்கு ஏறத்தாழ நேர்விகிதத்தில் இருக்கும். சிப் தாங்கும் உச்சம் 100 டிகிரி என்று வைத்துக்கொண்டால், 25 டிகிரி அறையில் அந்த வேறுபாடு 75. 40 டிகிரி அறையிலோ 60. அதே ஃபேன், அதே குழாய், ஆனால் வெளியேற்றக்கூடிய வெப்பத்தில் ஐந்தில் ஒரு பங்கு குறைந்துவிடுகிறது. சிப் தன்னைக் காத்துக்கொள்ள மின் நுகர்வைக் குறைக்கிறது. இதில் ஓர் ஆறுதல் உண்டு: வேகத்தைக் கூட்டும்போது மின்னழுத்தத்தையும் கூட்ட வேண்டியிருப்பதால் மின் நுகர்வு வேகத்தைவிட மிக விரைவாக ஏறுகிறது, இறங்கும்போதும் அப்படியே. ஆகவே மின் நுகர்வை 20 சதவீதம் குறைத்தால் வேகம் பெரும்பாலும் பத்து சதவீதத்துக்குள்தான் குறையும். மெல்லிய உடலுக்குள் பெரிய சிப்பைத் திணித்த மாடல்களில், குளிரூட்டல் தொடக்கத்திலேயே பற்றாக்குறையாக இருப்பதால், இழப்பு இதைவிடப் பெரிது.

பெயர்களைப் பார்த்து வாங்குவோர் ஏமாறும் இடமும் இதுவே. இன்டெல் கோர் ஐ9-14900எச்எக்ஸ் சிப்பின் அடிப்படை மின் அளவு 55 வாட். குறுகிய நேரத்துக்கு அது 157 வாட் வரை ஏறலாம். கடையில் ஓரிரு நிமிடம் நாம் காண்பது இந்த இரண்டாவது எண்ணைத்தான். திரைக்காட்சிகளை வரையும் கிராஃபிக்ஸ் சிப்பில் குழப்பம் இன்னும் அதிகம். மடிக்கணினிக்கான என்விடியா ஆர்டிஎக்ஸ் 4090-ஐத் தயாரிப்பாளர்கள் 80 முதல் 150 வாட் வரை எந்த அளவிலும் அமைத்துக்கொள்ளலாம். மேசைக் கணினியின் 4090-க்கு 450 வாட். பெயர் ஒன்றானாலும் இரண்டும் ஒரே சிப் அல்ல, நினைவகமும் முறையே 16, 24 ஜிபி. எனவே மாடல் பெயரைவிட, அது எத்தனை வாட்டில் அமைக்கப்பட்டிருக்கிறது என்று கேட்பதே பயனுள்ள கேள்வி.

கடிதம் தட்டச்சு செய்வது, பில் போடுவது, படம் பார்ப்பது போன்ற அன்றாட வேலைகளுக்கு இந்தக் கணக்கெல்லாம் தேவைப்படாது. அங்கே பேட்டரிதான் முக்கியம். பயணிகள் விமானத்தில் தனி அனுமதியின்றிக் கொண்டுசெல்லக்கூடிய பேட்டரியின் வரம்பு 100 வாட்-மணி (அதாவது 100 வாட்டை ஒரு மணி நேரம் தரும் அளவு) என்பதால், எவ்வளவு பெரிய மடிக்கணினியும் அந்த எல்லையை ஒட்டியே நின்றுவிடுகிறது. 12 வாட்டில் ஓடும் எளிய வேலைக்கு அது எட்டு மணி நேரம் வரும். எடிட் செய்த வீடியோவை இறுதிக் கோப்பாக்கும் ரெண்டரிங்கை 200 வாட்டில் செய்தால் அரை மணி நேரம். பேட்டரியால் அவ்வளவு மின்சாரத்தை ஒரே நேரத்தில் கொடுக்கவும் இயலாது. ஆதலால் சார்ஜரைப் பிடுங்கிய மறுகணமே இத்தகைய கணினிகள் தம் வேகத்தைக் கணிசமாகக் குறைத்துக்கொள்கின்றன. மின்வெட்டு நேரத்தில் எடிட்டிங் செய்ய நினைப்பவர் இன்வெர்ட்டரின் திறனையும் கணக்கில் கொள்ள வேண்டும்.

பெரிய திரைக்குக் கொடுக்கும் பணம் வீண் என்று நான் கருதவில்லை. 14 அங்குலத்திலிருந்து 18 அங்குலத்துக்குப் போனால் பரப்பு 65 சதவீதம் கூடுகிறது. ஆல்பப் பக்கமும் கருவிப்பட்டைகளும் ஒருசேரத் தெரியும். ஆனால் புள்ளிகளின் எண்ணிக்கையை 2560×1600-லிருந்து 3840×2400-க்கு உயர்த்தினால் கிராஃபிக்ஸ் சிப் வரைய வேண்டியவை இரண்டேகால் மடங்காகின்றன, அதுவும் வெப்பமாகத்தான் முடியும். ஒவ்வொரு புள்ளியும் தானே ஒளிரும் ஓஎல்இடி திரையின் கறுப்பு கண்ணைக் கவரும் என்றாலும், நாள் முழுவதும் ஒரே இடத்தில் அசையாமல் நிற்கும் எடிட்டிங் பட்டைகள் காலப்போக்கில் அதில் தடம் பதிக்கக்கூடும்.

கடையில் சோதிக்க வாய்ப்புக் கிடைத்தால், சொந்த வீடியோக் கோப்பு ஒன்றைக் கொண்டுபோய் இடைவெளியின்றி மூன்று முறை ரெண்டர் செய்து, முதல் முறைக்கும் மூன்றாம் முறைக்கும் ஆன நேரத்தை ஒப்பிட வேண்டும். ஏசி அறையிலேயே மூன்றாவது முறை வெகுவாகப் பின்தங்கினால், கொழிஞ்சாம்பாறைச் சித்திரையில் அந்தக் கணினி என்ன செய்யும் என்பது விளங்கிவிடும். அடிமூடியைச் சாதாரணத் திருப்புளியால் கழற்ற முடிகிறதா என்றும் பார்த்துக்கொள்வது நல்லது. மார்கழி, தை மாதங்களில் பாலக்காட்டுக் கணவாய் வழியாக வீசும் வறண்ட காற்று கொண்டுவரும் தூசு, குளிரூட்டும் தகடுகளின் இடைவெளிகளில் அடைந்துகொள்ளும். கோடைக்கு முன் அதை எடுத்தாக வேண்டும்.