திப்பிலிக்குள் ஒளிந்திருப்பவர்களை எப்படிக் கண்டுபிடிக்கிறார்கள்?

"திப்பிலியில் இன்ன பொருள் இருக்கிறது, அதுவும் துளியூண்டுதான் என்கிறீர்களே, யார் போய்ப் பார்த்தார்கள்?" என்று ஒரு வாசகர் கேட்டிருக்கிறார். நியாயமான கேள்வி. யாரும் பார்க்கவில்லை. எடை போட்டார்கள், அப்புறம் உடைத்து, துண்டுகளையும் எடை போட்டார்கள்.

ஆரம்ப வேலைகள் தெரிந்தவைதான். உலர்ந்த கனியைப் பொடித்து, மெத்தனாலில் ஊறவைத்து வடிகட்டி, குரோமட்டோகிராஃபி குழாய்க்குள் செலுத்தினால் ஒவ்வொரு பொருளும் ஒவ்வொரு நேரத்தில் வெளியே வரும். அந்தத் திரவத்தை உயர் மின்னழுத்தத்தில் உள்ள ஊசிமுனை வழியாகத் தூவினால், கரைப்பான் ஆவியாகி அயனிகள், அதாவது மின்னேற்றம் பெற்ற மூலக்கூறுகள், மிஞ்சும். அவற்றைத்தான் நிறைமாலைமானி என்ற கருவி எடை போடுகிறது. இந்த முறையைப் பெரிய உயிர் மூலக்கூறுகளுக்குக் கொண்டுவந்த ஜான் ஃபென்னுக்கு 2002இல் நோபல் பரிசில் பங்கு கிடைத்தது.

எனக்குப் பிடித்த இடம் இதற்கு அடுத்தது. காரத்துக்குக் காரணமான பைப்பரின், ஒரு புரோட்டானை ஒட்டிக்கொண்டு 286 என்ற நிறையில் வரும் (ஹைட்ரஜன் அணுவின் எடை ஏறக்குறைய 1 என்ற கணக்கில்). நைட்ரஜன் வாயுவில் மோதவிட்டால் கண்டபடி சிதறிவிடாது. பெரும்பாலும் நடுவில் கார்பனையும் நைட்ரஜனையும் இணைக்கும் அமைடு பிணைப்பில் முறியும். 85 எடையுள்ள பைப்பரிடின் வளையம் கழன்றுபோக, 201 மிஞ்சும்.

அதே சாற்றுக்குக் கருவி வரையும் கோட்டில், 272 என்ற இடத்தில் ஒரு சின்னப் புடைப்பு. அதை உடைத்தாலும் 201தான்! அப்படியானால் அந்தப் பாதி பைப்பரினுடையதே. கழன்றது 71, அதாவது ஒரு கார்பன் குறைந்த பைரோலிடின் வளையம். ஆள் பைப்பரிலின். இன்னொன்று 312இல் வருகிறது. உடைத்தால் 227, கழன்றது பழைய 85. வளையம் மாறவில்லை, மற்ற பாதியில்தான் 26 கூடியிருக்கிறது. இரண்டு கார்பனும் இரண்டு ஹைட்ரஜனும் சேர்ந்தால் 26. ஒரு கார்பனும் ஒரு நைட்ரஜனும் சேர்ந்தாலும் 26 ஆயிற்றே? தசமத்தைப் பாருங்கள்: முதலாவது 26.0157, இரண்டாவது 26.0031. நல்ல கருவிக்கு இந்த வித்தியாசம் தாராளம். கூடியது முதலாவதுதான், சங்கிலியில் இன்னோர் இரட்டைப் பிணைப்பு. பெயர் பைப்பரெட்டின்.

சரி, இதோடு முடிந்ததா? இல்லை. சாவிசின் என்று பைப்பரினுக்கு ஒரு மாற்றியம் (அதே அணுக்கள், வேறு அமைப்பு) உண்டு. இரட்டைப் பிணைப்புகள் திரும்பியிருக்கும் திசை மட்டும்தான் வேறு. எடை அதே, துண்டுகளும் ஏறக்குறைய அதே. இவற்றைப் பிரித்துச் சொல்ல, தூய மாதிரியை அதே குழாயில் ஓட்டி நேரத்தை ஒப்பிட வேண்டும், அல்லது என்எம்ஆர் (காந்தப்புலத்தில் வைத்து மூலக்கூறின் அமைப்பை அறியும் முறை) எடுக்க வேண்டும். எடைகளைத் தரவுத்தளத்தோடு ஒப்பிட்டுக் கணினி காட்டும் பொருத்தத்தை மட்டும் நம்பி நீளமான பெயர்ப் பட்டியல் போடும் ஆய்வுகளை நான் சந்தேகத்தோடுதான் படிப்பேன். அதற்கு ஆய்வாளரை மட்டும் குறை சொல்ல மனம் வரவில்லை. பெரிய கருவி வாங்க நிதி தருகிறவர்கள், சில மில்லிகிராம் தூய மாதிரிக்குக் காசு கேட்டால் முகம் சுளிக்கிறார்கள்.