மாத்திரை போடும் அம்மா பால் கொடுக்கலாமா?

மனச்சோர்வுக்கு மாத்திரை எழுதிக் கொடுத்த அன்று இரவே சில கணவன்மார்கள் என் வாட்ஸ்அப்புக்கு ஒரு படம் அனுப்புவார்கள். மருந்துப் பெட்டிக்குள் இருந்த துண்டுச்சீட்டில், 'பாலூட்டும் தாய்மார்கள் தவிர்க்கவும்' என்ற வரியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். சரி, கவலை நியாயம்தான். ஆனால் அந்த வரி பெரும்பாலும் கம்பெனி தன்னைக் காத்துக்கொள்ள எழுதியது. பாலில் எவ்வளவு மருந்து கலக்கிறது என்பதை அது சொல்வதில்லை.

பார்க்க வேண்டியது அந்த அளவைத்தான். தாய் தன் எடைக்கு எடுக்கும் மருந்தோடு ஒப்பிட்டால், குழந்தை தன் எடைக்குப் பால் வழியாக எத்தனை சதவீதம் பெறுகிறது என்று கணக்கிடுவோம். 10 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பொதுவாகப் பயமில்லை. செர்ட்ராலின் என்ற மனச்சோர்வு மாத்திரையில் இது வழக்கமாக 2 சதவீதத்தைத் தாண்டுவதில்லை. குழந்தையின் ரத்தத்தில் தேடினாலும் பல நேரம் அகப்படாது. பராக்சிடினும் ஏறக்குறைய அப்படியே. ஃப்ளூவாக்சிடின் உடலில் நெடுநாள் தங்கும் என்பதால், பச்சிளம் குழந்தை இருக்கும்போது புதிதாகத் தொடங்க அதை நான் முதலில் எடுப்பதில்லை. டாக்ஸெபின் என்ற மனச்சோர்வு மாத்திரையைத் தவிர்த்துவிடுவேன்.

கர்ப்பத்திலேயே ஒரு மாத்திரை நன்றாக வேலை செய்திருந்தால், பாலுக்காக மட்டும் அதை மாற்றுவது பெரும்பாலும் வேண்டாத வேலை. வயிற்றில் இருந்தபோது குழந்தைக்குப் போன மருந்து, பாலில் வருவதைவிட மிக அதிகம்.

மாத்திரை போட்டுவிட்டுப் பாலைப் பீய்ச்சிக் கொட்டுபவர்களைப் பார்த்தால்தான் எனக்கு மனசு கேட்காது. செர்ட்ராலின் பாலில் உச்சத்துக்கு வரவே 7 முதல் 10 மணி நேரம் ஆகலாம். இரண்டு மூன்று மணிக்கொரு முறை குடிக்கும் பிள்ளைக்கு நேரம் பார்த்துக் கொடுப்பது நடக்கிற காரியமா? கொட்டவும் வேண்டாம், கடிகாரமும் பார்க்க வேண்டாம்.

பார்க்க வேண்டியது பிள்ளையை. மாத்திரை தொடங்குமுன்பே அது எப்படித் தூங்குகிறது, எப்படிக் குடிக்கிறது என்று கவனித்து வைத்துக்கொள்ளுங்கள். அப்புறம் பாலுக்கு எழுப்பினாலும் எழாத தூக்கம், சரியாகச் சப்பாதது, எடை ஏறாதது, வழக்கத்துக்கு மாறான சிடுசிடுப்பு என்று எது தெரிந்தாலும் மருத்துவரிடம் சொல்லுங்கள். குறைமாதத்தில் பிறந்த, எடை குறைந்த, நோயுற்ற குழந்தை என்றால் குழந்தை மருத்துவரையும் கலந்துகொண்டுதான் முடிவெடுப்போம்.

பயந்துபோய் மாத்திரையைச் சட்டென்று நிறுத்திவிடாதீர்கள். தலைசுற்றல், எரிச்சல், தூக்கமின்மை வரலாம். அடங்கியிருந்த மனச்சோர்வும் திரும்பலாம். சாக வேண்டும், பிள்ளையை ஏதாவது செய்துவிடுவேனோ என்றெல்லாம் அம்மாவுக்கு எண்ணம் வந்தால் மறுநாள் வரை காத்திருக்க வேண்டாம். அன்றே மருத்துவமனைக்கு அழைத்து வாருங்கள், தனியே விடாதீர்கள்.

இன்னொன்று: தூக்கம் வரவைக்கும் மருந்து ஏதாவது சேர்த்திருந்தால், அதைப் போட்ட பிறகு பிள்ளையை ஒரே படுக்கையில் போட்டுக்கொண்டு தூங்கக் கூடாது. பாலில் போகும் மருந்தைவிட இதைத்தான் நான் வீட்டாரிடம் இரண்டு முறை சொல்லி அனுப்புகிறேன்.